பால் சோறும் பச்சைக் கறியும்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன்ல ரயில் ஏறி தெற்கே போனா, ஒரு மணி நேரம் போல ஆகும், சிதம்பரம் வந்துடும். காலேஜுக்கும் வேலைக்கும் தினமும் இப்படிப் போய் வர்றவங்க நிறைய பேர். சிதம்பரத்தோட பழைய பேர் பெரும்பற்றப்புலியூர். ஆக, ஏறுறதும் ஒரு புலியூர், இறங்குறதும் ஒரு புலியூர். ரெண்டு ஊர்க் கோயில் கதையிலயும் அதே ஆள்தான் வர்றார்: வியாக்கிரபாதர், தமிழ்ல புலிக்கால் முனிவர். வண்டு மொய்க்கிறதுக்கு முன்னாடி பூ பறிக்கணும், அதுக்கு விடியறதுக்குள்ள மரம் ஏறணும், பனியில கால் வழுக்குது. அதனால புலியோட காலும் நகமும் வேணும்னு சிவன்கிட்ட வரம் கேட்டு வாங்கினாராம். புலி நகத்தை வாங்கிப் பூப்பறிச்ச மனுஷன்.

எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். கறி தின்கிற ஒரு மிருகத்தோட உடம்பு நமக்கு வேணும், ஆனா அது நம்ம ஒழுக்கத்துக்குள்ள நடந்துக்கணும் அப்படிங்கிற ஆசை அதுல இருக்கு. இன்னைக்கு எபிசோட் அந்த ஆசையைப் பத்தினது. புலி வரைக்கும் போக வேண்டாம், பூனை, ஃபெரெட் அளவுல பேசுவோம்.

ஃபெரெட் பார்க்காதவங்களுக்கு: கீரி மாதிரி நீளமா, குட்டைக் கால், ஒரு கிலோ சுமார் எடை, பகல்ல பாதிக்கு மேல தூக்கம். ஆனா கீரிக்கு இது நேரடிச் சொந்தம் இல்ல. நீர்நாய், வீசல் இதெல்லாம் இருக்கிற குடும்பம். ஐரோப்பாவுல இருக்கிற போல்கேட் அப்படிங்கிற காட்டுப் பிராணியை வீட்டுக்குப் பழக்கி உண்டாக்கினது. நம்ம ஊர்ல பெரு நகரங்கள்ல சிலர் இப்ப வளர்க்கிறாங்க. அவங்க எல்லாருக்கும் சீக்கிரமோ லேட்டாவோ ஒரு கேள்வி வந்துடுது: பாக்கெட்ல வர்ற காய்ந்த உருண்டைத் தீனியிலிருந்து இதைப் பச்சைக் கறிக்கு மாத்தலாமா, எப்படி மாத்துறது? பூனை வளர்க்கிறவங்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறாங்க. வெளிநாட்டுல இது ஒரு டயட் விவாதம். கடலூர் மாவட்டத்துல இதைக் கேட்டா வேற ஒரு கனம் வந்துடும். ஏன்னா வடலூர் இந்த மாவட்டத்துல இருக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல, நம்மகிட்ட ஃபெரெட் மாதிரி ஒண்ணு இருந்துதா? இருந்துது. சிதம்பரத்துலிருந்து கொள்ளிடம் தாண்டி இன்னும் கொஞ்சம் தெற்கே போனா பூம்புகார். சிலப்பதிகாரத்துல அடைக்கலக் காதையில, கோவலன் அந்த ஊர்ல செஞ்ச நல்ல காரியங்களை மாடலன் வரிசையாச் சொல்வான். அதுல ஒண்ணு கீரிப்பிள்ளை கதை. வீட்டுல வளர்த்த கீரி, குழந்தையைக் கடிக்க வந்த பாம்பைக் கொன்னுட்டு, வாயில ரத்தத்தோட வாசலுக்கு வருது. குழந்தையைத்தான் கடிச்சிடுச்சுன்னு நினைச்சுத் தாய் அதைக் கொன்னுடறா. புருஷன் அவளை விட்டுட்டு வடக்கே கிளம்பிடறான். கோவலன்தான் பொருள் கொடுத்து அவங்களைச் சேர்த்து வைக்கிறான். பஞ்சதந்திரத்துலயும் இந்தக் கதை உண்டு, பலர் ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க.

நான் இங்க கவனிக்கச் சொல்றது வாயில இருந்த அந்த ரத்தத்தை. அந்த வீடு பார்ப்பனர் வீடு. கீரி அங்க என்ன சாப்பிட்டுதுன்னு கதை சொல்லல. ஆனா அது வாயில ரத்தத்தைப் பார்த்ததும் அந்தம்மாவுக்கு அது வளர்ப்புப் பிராணியாத் தெரியல, கொலைகாரனாத் தெரிஞ்சுது. கறி தின்கிற ஒண்ணை வீட்டுல வெச்சிருக்கோம்ங்கிற நினைப்பே அதுவரைக்கும் இல்லாம இருந்திருக்கணும். (இன்னைக்குக் கீரி, நீர்நாய் எதையும் வீட்டுல வளர்க்க முடியாது, வனவிலங்குச் சட்டம் தடுக்குது. அதனால கதை கேட்டுட்டு யாரும் கிளம்பிடாதீங்க.)

சங்கப் பாட்டுக்காரங்களுக்கு இந்தக் குழப்பம் இல்ல. மருதத் திணைப் பாட்டுல நீர்நாய் குளத்துல வாளை மீனைப் பிடிச்சுத் தின்னும். வெருகு, அதாவது காட்டுப் பூனை, வீட்டுக் கோழிக்காகச் சாயங்காலம் வந்து பதுங்கும். அவங்க அதைப் பார்த்தபடியே எழுதிட்டாங்க. வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்து கிண்ணம் வெச்சப்பறம்தான் நமக்குச் சிக்கல் ஆரம்பிச்சுது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும்னு நினைக்காதீங்க. ஃபெரெட்டோட ஊருக்கே போவோம். சுமார் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஸ்ட்ராபோ அப்படிங்கிற கிரேக்கப் புவியியல்காரர் ஸ்பெயின் பக்கத்து முயல் தொல்லையைப் பத்தி எழுதறார். முயல் பெருகி, வயலையும் மரத்தையும் அழிக்குது. அங்க இருக்கிற ஜனங்க வீசல் மாதிரி ஒரு பிராணியை வளர்த்து, வாய்க்கு மூடி கட்டி, முயல் வளைக்குள்ள விடுவாங்கன்னு சொல்றார். அது நகத்தால முயலை இழுத்துட்டு வரும், இல்லைன்னா வெளியே விரட்டும். வெளியே ஆள் நிப்பான். ரோமானியரான பிளினியும் பலியாரிக் தீவுகள்ல முயல் தொல்லை தாங்காம ஜனங்க அகஸ்டஸ் சக்கரவர்த்திகிட்ட ராணுவ உதவி கேட்டதா எழுதியிருக்கார்.

வாய்மூடி எதுக்கு? உள்ள போய் முயலைக் கொன்னு, தின்னுட்டு, அங்கேயே தூங்கிடக் கூடாது. வேட்டைக்காரனுக்கு அதோட பசி வேணும், ஆனா சாப்பாடு தனக்கு வேணும். ஃபெரெட்டுக்கும் மனுஷனுக்கும் உண்டான ஒப்பந்தம் ஆரம்பத்துலயே இப்படித்தான்.

அப்புறம் நூற்றாண்டுக் கணக்குல இங்கிலாந்துல ஃபெரெட் ஏழை வேட்டைக்காரனோட கூட்டாளி. அங்க அதுக்குப் போட்ட தீனி என்ன தெரியுமா? ரொட்டியைப் பால்ல ஊறவெச்சது. ஆமா, நம்ம பால் சோறுதான், ரொட்டி வடிவத்துல. இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் இந்தப் பழக்கம் ஓடிச்சு. மலிவு, நாத்தம் கம்மி. அதோட ஒரு நம்பிக்கை: பச்சைக் கறி ருசி கண்டா அது முரடாகி ஆளைக் கடிக்கும். நம்ம ஊர்ல நாய்க்குப் பச்சைக் கறி போட்டா வெறி ஏறிடும்னு இன்னும் சொல்றாங்களே, அதே தான். கடல் தாண்டி ரெண்டு ஜனங்க ஒருத்தரை ஒருத்தர் கேட்காமலே ஒரே முடிவுக்கு வந்திருக்காங்க.

இந்தப் பால்-ரொட்டி ஃபெரெட் எப்படி உயிரோட இருந்துதுன்னு கேட்டா, பதில் வேட்டையில இருக்கு. வாரத்துக்குச் சில தடவை முயல் ஈரலோ தலையோ கிடைக்கும், கொட்டகையில எலி கிடைக்கும். கிண்ணத்துல இருந்தது துணைத் தீனி.

நம்ம பூனைக் கதையும் இதே மாதிரிதான் எனக்குப் படுது. சிதம்பரத்தைச் சுத்தி நெல் வயல். வீட்டுக்கு வீடு குதிர் இருந்துது, வசதியான வீட்டுல பத்தாயம். நெல் இருந்தா எலி, எலி இருந்தா பூனை. பாட்டி ராத்திரி மிச்சம் வெச்ச பால் சோறோ தயிர்ச் சோறோ அதுக்குச் சம்பளம் மாதிரி. முழுச் சாப்பாடு பத்தாயத்துக்குப் பின்னாடி நடந்துது. ஒரு முழு எலியில என்னென்ன இருக்கு பாருங்க: தசை, ரத்தம், ஈரல், இதயம், சுண்ணாம்புச் சத்துக்கு எலும்பு. அதைவிட ஒழுங்கா ஒரு டயட் சார்ட் யாராலயும் போட முடியாது. "எங்க பாட்டி வீட்டுப் பூனை தயிர்ச் சாதம் மட்டும்தான் சாப்பிட்டு பதினைஞ்சு வருஷம் இருந்துச்சு"ன்னு சொல்றவங்க, பாட்டி கண்ணுக்குத் தெரிஞ்ச கிண்ணத்தை மட்டும்தான் சொல்றாங்க.

பத்தாயம் போச்சு. மாடி வீடு வந்துது, அப்புறம் ஃபிளாட், பால்கனிக்கு வலை. பூனை வெளியே போகல. கிண்ணம் மட்டும் அதேதான், தயிர்ச் சோறு. துணைத் தீனி முழுத் தீனி ஆயிடுச்சு. யாரும் வேணும்னு செய்யல.

அதனால என்ன ஆகும்ங்கிறதுக்கு விடை 1975ல வந்துது. ஹேய்ஸ் அப்படிங்கிறவரும் அவர் கூட வேலை பார்த்தவங்களும் சயன்ஸ் பத்திரிகையில ஒரு கட்டுரை போட்டாங்க. பூனைகளுக்குக் கேசீனைப் புரதமாக் கொடுத்து வளர்த்தாங்க. கேசீன்னா பால்ல இருக்கிற புரதம். அந்தப் பூனைகளுக்கு விழித்திரை கெட்டுப் போச்சு. காரணம் டாரின் அப்படிங்கிற ஒரு பொருள் இல்லாதது. மனுஷ உடம்பும் நாய் உடம்பும் அதை ஓரளவு தானே தயாரிச்சுக்கும். பூனையால தேவையான அளவுக்கு முடியாது, அது கறியிலிருந்துதான் வரணும். அரிசியில டாரின் கிடையாது. பால் புரதத்துல அநேகமாக் கிடையாது. தயிர்ச் சோறுன்னா இந்த ரெண்டும் சேர்ந்தது. கெட்டுப்போன விழித்திரை திரும்பி வராது.

இதைச் சொன்னா உடனே பாக்கெட் தீனிக்கு ஜே போடுவாங்க. கொஞ்சம் பொறுங்க. 1987ல, அதே சயன்ஸ் பத்திரிகையில, கலிஃபோர்னியாவுல பால் பியான் அப்படிங்கிற கால்நடை மருத்துவரும் குழுவும் இன்னொண்ணு கண்டுபிடிச்சாங்க. பூனைகளோட இதயம் பலூன் மாதிரி விரிஞ்சு பலம் இழந்து போற நோய்க்கும் டாரின் குறைவுதான் காரணம். அந்தப் பூனைகள் தயிர்ச் சோறு சாப்பிடல. பெயர் பெற்ற கம்பெனித் தீனிதான் சாப்பிட்டுது. டாரின் சேர்த்ததும் பல பூனைகளோட இதயம் திரும்பி வந்துது. அதுக்கப்புறம்தான் கம்பெனிகள் டாரின் அளவைக் கூட்டினாங்க. அதுவரைக்கும் செத்த பூனைகளுக்கு வயசாயிடுச்சுன்னு சொல்லியிருப்பாங்க.

கம்பெனித் தீனியோட கதையைச் சுருக்கமாச் சொல்லிடறேன். 1860 வாக்குல ஜேம்ஸ் ஸ்ப்ராட் அப்படிங்கிற அமெரிக்கர் இடிதாங்கி விக்க லண்டன் போறார். துறைமுகத்துல கப்பல்காரங்க வீசின காய்ஞ்ச பிஸ்கட்டை நாய்கள் அடிச்சுக்கிட்டுத் தின்கிறதைப் பார்த்து, நாய் பிஸ்கட் போட ஆரம்பிக்கிறார். 1920கள்ல அமெரிக்காவுல டின்ல அடைச்ச குதிரைக் கறி. இரண்டாம் உலகப் போர்ல தகரத்துக்கு ரேஷன் வந்ததும் டின் போய் காய்ந்த தீனி வந்துது. 1950கள்ல காலை உணவுச் சோளப் பொரி செய்யற மாதிரி மிஷின்ல அழுத்திப் பொரிக்கிற முறை வந்து, இன்னைக்கு நாம பார்க்கிற உருண்டை பிறந்துது. அந்த உருண்டை உருண்டையா நிக்கணும்னா மாவுப் பொருள் வேணும். பூனை கேட்டதால அதுல மாவு போகல, மிஷின் கேட்டதால போச்சு.

நாய் விஷயம் வேற, அதைக் குழப்பிக்க வேண்டாம். 2013ல நேச்சர் பத்திரிகையில வந்த ஒரு ஆய்வு, ஓநாயை விட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கிற மரபணுப் பிரதிகள் அதிகம்னு காட்டிச்சு. நம்ம சோத்தைத் தின்னு தின்னு அது நம்ம பக்கம் வந்துடுச்சு. பூனை அந்த அளவுக்கு வரல. ஃபெரெட் வரவே இல்ல. அதோட குடல் குட்டை, குடல்வால் பை கிடையாது, சாப்பிட்டது மூணு நாலு மணி நேரத்துல வெளியே போயிடும். சோத்தைச் செரிக்க அதுக்கு நேரமே இல்ல.

பச்சைக் கறி இயக்கம் எங்க இருந்து வந்துதுன்னு கேட்டா, அதுக்கும் ஒரு பூனைக் கதை இருக்கு. 1932லிருந்து 1942 வரைக்கும் கலிஃபோர்னியாவுல ஃபிரான்சிஸ் பாட்டெஞ்சர் அப்படிங்கிற டாக்டர் சுமார் 900 பூனைகளை வெச்சுப் பார்த்தார். வேக வெச்ச கறி சாப்பிட்ட பூனைகள் தலைமுறைக்குத் தலைமுறை நோஞ்சானாப் போச்சு, பச்சைக் கறிப் பூனைகள் நல்லா இருந்துது. இன்னைக்கும் இதைத்தான் அந்த இயக்கத்துக்காரங்க வேதம் மாதிரி சொல்றாங்க. டாரின் பத்தி அப்ப யாருக்கும் தெரியாது. வேக வைக்கும்போது டாரின் தண்ணியில கரைஞ்சு போயிடும், அந்தத் தண்ணியைக் கொட்டிட்டா சத்தும் போச்சு. பாட்டெஞ்சர் பார்த்ததுல ஒரு பங்கு அதுவா இருக்கலாம்னு இப்ப சொல்றாங்க. 1993ல இயன் பில்லிங்ஹர்ஸ்ட் அப்படிங்கிற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் நாய்க்குப் பச்சை எலும்பு கொடுங்கன்னு ஒரு புத்தகம் எழுத, விஷயம் வீட்டுக்கு வீடு வந்துது.

பாட்டெஞ்சருக்கு முன்னாடியே தமிழ்நாட்டுல ஒரு தீனிச் சோதனை நடந்திருக்கு, குன்னூர்ல. அங்க பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல 1918ல ஒரே அறையில ஆரம்பிச்ச பெரிபெரி ஆராய்ச்சிதான் பின்னாடி ஹைதராபாத் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆச்சு. அதை நடத்தின ராபர்ட் மெக்கரிசன் 1920கள்ல எலிகளுக்கு இந்தியாவோட ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் போட்டு வளர்த்துப் பார்த்தார். சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலி முதல் இடம். மதராஸி சாப்பாடு சாப்பிட்ட எலி கடைசி. தீட்டின அரிசியை நம்பின சாப்பாடு அது. அதை நாம சாப்பிட்டோம், நம்ம பூனைக்கும் வெச்சோம்.

இப்ப வடலூருக்கு வர்றேன்.

ராமலிங்க அடிகள், வள்ளலார், 1823 அக்டோபர் 5ஆம் தேதி சிதம்பரம் பக்கத்துல மருதூர்ல பிறந்தவர். சின்னக் குழந்தையாவே சென்னைக்குப் போய், அங்க வளர்ந்து, நடுவயசுல திரும்பிக் கருங்குழியில தங்கினார். 1866ல கிழக்குக் கடற்கரை முழுக்கப் பஞ்சம். அடுத்த வருஷம், 1867 மே 23, வடலூர்ல சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்னைக்கு ஏத்தின அடுப்பு இன்னும் அணையாம எரியுது, போனா சோறு போடறாங்க. கொஞ்ச தூரத்துல 1872ல திறந்த சத்திய ஞான சபை. கொலையும் புலாலும் விட்டவங்கதான் உள்ளே வரணும்னு அங்க எழுதியே வெச்சிருக்கு.

தருமச்சாலை தொடக்கத்தோட சேர்ந்தது அவரோட 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' அப்படிங்கிற உரைநடை. படிக்காதவங்க படிங்க, பழைய நடைதான், ஆனா பசியைப் பத்தி இவ்வளவு உன்னிப்பா எழுதினது தமிழ்ல வேற எதுவும் எனக்குத் தெரியல. பசி வந்தா உடம்புல ஒவ்வொண்ணா என்னென்ன நடக்குதுன்னு ஒரு டாக்டர் மாதிரி சொல்லிட்டே போவார். பசியை ஆற்றுறதுதான் முதல் தர்மம், அது மனுஷனுக்கு மட்டும் இல்ல, எல்லா உயிருக்கும். நாம கேட்கப் போற கேள்விகளை அவரே எடுத்துக்கிட்டுப் பதில் சொல்லுவார். செடிக்கும் உயிர் உண்டே, அதைத் தின்னலாமான்னு ஒரு கேள்வி வரும். விதை, காய், கனி எல்லாம் நமக்கு நகம், முடி மாதிரி, அதை எடுக்கிறதுல கொலை இல்லைன்னு பதில்.

அங்கதான் நம்ம ஃபெரெட்டுக்கான கேள்வியும் வருது. ஒரு உயிரைக் கொன்னு இன்னொரு உயிரோட பசியைக் கறியால தீர்த்தா, அது ஜீவகாருண்யம் ஆகுமா? ஆகாதுன்னு அவர் உறுதியாச் சொல்றார். சுத்தி வளைக்கல.

இதை நான் லேசா எடுத்துக்க மாட்டேன். பச்சைக் கறி டயட் பேசறவங்க "இயற்கை, இயற்கை"ன்னு சொல்லிட்டுக் கடந்து போயிடறாங்க. பூனை தானாப் போய் எலி பிடிக்கிறது இயற்கை. நான் கடையில ஒரு கோழியை அறுக்கச் சொல்லி, அதைக் கிண்ணத்துல வெச்சா, நடுவுல நான் ஒருத்தன் இருக்கேன். வள்ளலார் கேட்கிறது அந்த நடுவுல நிக்கிற ஆளைத்தான். இன்னொரு பக்கம், பசி எந்த உயிருக்கு வந்தாலும் ஆற்றணும்னு சொன்னவரும் அவரேதான். கிண்ணத்துல தயிர்ச் சோறு இருக்கு, வயிறு நிறையுது, கண் மங்கிட்டே போகுது. இது பசி ஆறினதா? 1867ல டாரின் யாருக்கும் தெரியாது. வயிறு நிறைஞ்சும் பட்டினியா இருக்கலாம்ங்கிறது அதுக்கு ரொம்ப அப்புறம் வந்த அறிவு.

சன்மார்க்க வழியில இருக்கிற வீடுகள், மத்த சைவ வீடுகள், எல்லாத்துலயும் இன்னைக்கு இளைஞர்கள் பூனை எடுத்து வளர்க்கிறாங்க, பெரும்பாலும் தெருவுல அடிபட்டுக் கிடந்ததை. அம்மா சமையலறைக்குள்ள கறி வரக் கூடாதுங்கிறாங்க, பிள்ளை வெட்டரினரி டாக்டர் சொன்னதைச் சொல்லுது. இது நிஜமான சண்டை, ரெண்டு பக்கமும் கருணைதான் பேசுது. தமிழ்நாடு அரசு கைவிடப்பட்ட பிராணிகளைப் பராமரிக்கிற இடங்களுக்கு உதவ ஒரு திட்டம் கொண்டு வந்துது, அதுக்கு வெச்ச பேரே வள்ளலார் பல்லுயிர் காப்பகங்கள். அந்தப் பேரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் ஞாபகம் வரும்.

ஒரு சின்ன விஷயம் இந்தச் சண்டையைக் கொஞ்சம் மாத்துது. பாக்கெட் தீனியில சேர்க்கிற டாரின் பெரும்பாலும் ரசாயனத் தொழிற்சாலையில தயாராகறது, எந்த உயிர்கிட்டயிருந்தும் எடுக்கிறதில்ல. அதனால பூனைக்குக் கறியே இல்லாத தீனி சாத்தியம்னு சில கம்பெனிகள் விக்கிறாங்க. டாக்டர்கள் நடுவுல இதுக்கு ஒத்த கருத்து இல்ல. டாரின் மட்டும் இல்ல, வைட்டமின் ஏ, அரகிடோனிக் அமிலம்னு பூனைக்குக் கறியிலிருந்தே வர வேண்டியது இன்னும் சிலது உண்டு, எல்லாம் சரியா இருக்கணும். ஃபெரெட்டுக்கு அந்த அளவுக்குக் கூட வழி இல்ல. என் கருத்தைக் கேட்டா: தெருவுல கிடந்த பூனையை எடுத்தது ஒரு கடமை, அதுக்கு வீட்டுல பேசி ஏதோ ஒரு வழி பண்ணிக்கலாம். ஆனா கறி வராத வீட்டுக்குக் காசு கொடுத்து ஃபெரெட் வாங்கிட்டு வர்றதுக்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியல. முயல் வாங்குங்க, கீரையும் புல்லும் தின்னும். கடலூர் கத்திரி வெயில் வேற இருக்கு. 30 டிகிரி தாண்டினாலே ஃபெரெட்டுக்கு ஆபத்து, வருஷத்துல பாதி நாள் ஏசியில வைக்கணும்.

சரி, ஏற்கனவே வீட்டுல இருக்கு, கறி வாங்கறதுலயும் பிரச்சினை இல்ல. மாத்தறது எப்படி?

ஃபெரெட் குட்டியா இருக்கிற முதல் சில மாசத்துல எந்த வாசனையைச் சாப்பாடுன்னு பழகுதோ, அதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சாப்பாடுன்னு நம்பும். உருண்டையிலயே வளர்ந்தது முன்னாடி கோழிக் கறியை வெச்சா, மோந்து பார்த்துட்டுப் போயிடும். ரெண்டாயிரம் வருஷமா முயல் பிடிச்ச வம்சம்! அதனால பட்டினி போட்டு வழிக்குக் கொண்டு வரலாம்னு மட்டும் நினைக்காதீங்க. சின்ன உடம்பு, சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே ரத்தச் சர்க்கரை இறங்கிடும். பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாம இருந்தா ஈரல்ல கொழுப்பு சேர்ந்து சாகற அளவுக்குப் போகும். முதல்ல உருண்டையை உப்பு, வெங்காயம், பூண்டு போடாத கோழிச் சாறுல ஊறவெக்கணும். அப்புறம் அதுல அரைச்ச கறி ஒரு ஸ்பூன், கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி, கடைசியில துண்டு. வாரக் கணக்குல ஆகும், சிலதுக்கு மாசக் கணக்கு.

கறிக்கடையில போன்லெஸ் மட்டும் வாங்கிப் போடறவங்கதான் அதிகம் மாட்டிக்கிறாங்க. வெறும் தசையில சுண்ணாம்புச் சத்து கிடையாது, வளர்ற குட்டிக்கு எலும்பு மெலிஞ்சு உடையும். இதயம், கொஞ்சம் ஈரல், எலும்போட கழுத்துத் துண்டு எல்லாம் சேரணும். டாரின் இதயத்துல நல்லா இருக்கு, விலையும் கம்மி. வேகவெச்ச எலும்பு மட்டும் கூடாது, சிலாம்பு சிலாம்பா உடைஞ்சு குடலைக் குத்தும்.

கடலூர்க்காரங்க உடனே மீன் கேட்பீங்க, துறைமுகம் பக்கத்துலயே இருக்கே. மீனுக்கு ஒரு தனி வரலாறு இருக்கு. 1932ல அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல சாஸ்டெக் அப்படிங்கிறவரோட நரிப் பண்ணையில, பச்சைக் கெண்டை மீன் போட்ட நரிகள் கால் இழுத்துக்கிட்டுச் சாக ஆரம்பிச்சுது. அந்த நோய்க்கே சாஸ்டெக் வாதம்னு பேர் வந்துடுச்சு. சில மீன்கள்ல தையமினேஸ் அப்படிங்கிற ஒரு பொருள் இருக்கு, அது வைட்டமின் பி1ஐ அழிச்சிடும். கெண்டை வகையில உண்டு, நெத்திலி, மத்தி இனத்து மீன்கள் பலதுலயும் உண்டு. வேகவெச்சா அந்தப் பொருள் செத்துடும்.

இப்ப நம்ம மீனவர் வீடுகள்ல பழைய முறையைப் பாருங்க. மீன் தலை, பொடி மீன் எல்லாத்தையும் ஒரு சட்டியில போட்டுக் கொதிக்க வெச்சு, அதே தண்ணியோட சோத்துல பிசைஞ்சு பூனைக்கு வைப்பாங்க. கொதிச்சதுல தையமினேஸ் போச்சு. தண்ணியைக் கொட்டாததால டாரின் உள்ளேயே இருக்கு. பாட்டெஞ்சரையும் சாஸ்டெக்கையும் கேள்விப்படாமலே ரெண்டு பேரோட பிரச்சினையையும் அந்தச் சட்டி தீர்த்திருக்கு. சோறு அளவைக் குறைச்சு மீனைக் கூட்டினா போதும், இன்னைக்கும் பூனைக்கு நான் சொல்ற முதல் வழி அதுதான். பச்சையா வைக்கணும்ங்கிற பிடிவாதம் எனக்கு இல்ல.

அதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 2024 டிசம்பர்ல நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்துல மூணு புலியும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 பறவைக் காய்ச்சல்ல செத்துது. கோழிக் கறி மூலமா வந்திருக்கலாம்னுதான் சந்தேகம். அதே மாசம் அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல, பாக்கெட்ல வந்த பச்சை வான்கோழித் தீனி சாப்பிட்ட ஒரு வீட்டுப் பூனை செத்து, அந்தத் தீனியைச் சந்தையிலிருந்து திரும்ப எடுத்தாங்க. ஃபிரீசர்ல வெச்சா கிருமி செத்துடும்னு நினைக்காதீங்க, இந்த வைரஸ் குளிர்ல பத்திரமா இருக்கும். பக்கத்து மாவட்டத்துல பறவைக் காய்ச்சல்னு செய்தி வந்தா, அந்த வாரம் பச்சைக் கோழி வேண்டாம்.

ஃபெரெட் இந்த விஷயத்துல பூனையை விட மோசம். 1933ல லண்டன் மில் ஹில்ல வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா மூணு பேரும் மனுஷ ஃபுளூ வைரஸை முதல்முதலாப் பிரிச்சு எடுத்தது ஃபெரெட்டை வெச்சுத்தான். மத்த பிராணிகளுக்கு வராத மனுஷச் சளிக் காய்ச்சல் அதுக்கு அப்படியே ஒட்டிக்கிச்சு, தும்மவும் செஞ்சுது. ஆய்வகத்துல ஒரு ஃபெரெட் தும்மினதுல அங்க வேலை பார்த்தவருக்கே காய்ச்சல் வந்த கதையும் உண்டு. அதனால வீட்டுல யாருக்காவது ஃபுளூன்னா, அது சரியாகற வரைக்கும் வேற யாராவது கிண்ணம் வெக்கட்டும்.